முன் தண்டுக்காரனின் கட்டைவிரல்

ரப்பர் பூட்ஸுக்குள் கால் நுழைய மாட்டேன் என்றது. ஆக்னல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினான். நகம் எடுத்த இடத்தில் சுற்றியிருந்த கட்டு, வலது கால் கட்டைவிரலை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆக்கியிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

"ஏங்க, மூட்டை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்றாள் மனைவி ஜென்சி.

"சொன்னாரு. அவரா சப்பரம் தூக்கப் போறாரு?"

அவளுக்கும் தெரியும். கூக்கால் ஊரில் கேரட் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றும் சோலி எட்டுப் பேருடையது. அந்தோணியார் திருவிழாவில் சப்பரம் சுமப்பதும் அதே எட்டுப் பேர்தான். அதில், தோளில் தாங்குகிற முன் தண்டின் வலது பக்கம் ஆக்னலுக்கு. ஊர் முழுக்கக் கண் வைக்கும் இடம் அது. வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்று அடுத்தவன் பிடரியைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறான். ஆனால் கோயில் காரியமெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை அருளப்பனின் சட்டம் கறாரானது. உடம்புக்கு முடியாதவன் தண்டைத் தொடக் கூடாது. தொட்டவன் பாதியில் தோளை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவன் இடம் பின்னால் நிற்பவனுக்கு. ஆக்னலுக்குப் பின்னால் நின்றவன் டெனிஸ்.

விரல் கெட்டதற்கு ஆக்னல் பொறுப்பில்லை. கேரட் வியாபாரி எல்லாருக்கும் மொத்தமாக எடுத்துக் கொடுத்த பூட்ஸ் கொஞ்சம் சின்னது. ஓசியில் வந்ததை யார் குறை சொல்வது? நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. காதும் காதும் வைத்த மாதிரி கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய் நகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அங்கிருந்த நர்ஸ் செல்வமேரியைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

சோலிக்குப் போகாமல் வீட்டில் கிடந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் மச்சினனின் பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். விரல் உள்ளே தாராளமாக இருந்தது. விரல் மட்டுமா, கேரட் கழுவுகிற தண்ணீரும் மேல்வழியாகத் தாராளமாக உள்ளே போனது. கட்டு ஊறி உப்பிக்கொண்டது. சாயங்காலம் பூட்ஸ் கழன்று வரவில்லை. ஜென்சி அரிவாள்மனையால் அதை அறுத்தெடுத்தபோது, மச்சினனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையில் வலிகூடக் கொஞ்சம் மறந்துபோனது.

மறுநாள் தன் பழைய பூட்ஸின் முனையையே வெட்டி விரலுக்கு வழிவிட்டு, மேலே சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு போனான். ஆனால் நடை காட்டிக்கொடுத்தது.

"என்ன மச்சான், காலை இழுக்குற?" என்று கேட்டான் டெனிஸ்.

"முள்ளு."

டீ குடிக்கிற நேரத்துக்குள் மூன்று பேர் ஊக்கோடு வந்து நின்றார்கள். உதவி செய்வதில் கூக்கால்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

"பூட்ஸைக் கழட்டு, வெரசா எடுத்துருவோம்."

"முள்ளு இல்லப்பா, அது நேத்தே வந்துருச்சு. இது முட்டி!" என்ற ஆக்னல், பதற்றத்தில் இடது முட்டியைத் தொட்டுக் காட்டிவிட்டான்.

சுளுக்கு எடுக்கிற ஜெயமுருகனுக்கு ஆள் போனது. அவர் வந்து, ஒரு குறையும் இல்லாத அந்த இடது முட்டியை எண்ணெய் விட்டு நீவி, திருகி, ஒரு சொடுக்குச் சொடுக்கினார். அதன் பிறகு ஆக்னலுக்கு இரண்டு காலும் நொண்டியது. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, நடை ஓரளவுக்கு நேராகிவிட்டது.

திருவிழா அன்று காலையில்தான் நிஜமான சிக்கல். சப்பரத்தை வெறுங்காலோடுதான் தூக்க வேண்டும். தண்டு கட்ட எல்லாரும் கோயிலுக்கு வந்தார்கள். பூட்ஸைக் கழற்றிப் போட மற்றவர்கள் என்னவோ தயங்கிக்கொண்டே நிற்க, முதலில் கழற்றிய ஆக்னலின் காலில் அருளப்பனின் கண் நேராக வந்து விழுந்தது.

"ஏலே ஆக்னல், என்னலே விரல்ல கட்டு?"

ஏழு பேரும் திரும்பினார்கள். எங்கிருந்தோ ஒரு பொய் வந்து ஆக்னலுக்குக் கைகொடுத்தது.

"நேர்ச்சைங்க. ஊர் கேரட்டு நல்ல விலைக்குப் போகணும்னு, கட்டைவிரல்ல வெள்ளைத்துணி சுத்திச் சப்பரம் தூக்குறதா அந்தோணியாருக்கு வேண்டியிருக்கேன்."

முதலில் பேசியவன் டெனிஸ்.

"அப்ப நானும் சுத்திக்கிறேன். நான் மட்டும் ஊருக்கு நல்லது நினைக்க மாட்டேனா?"

"நானும்," என்றான் ஒருவன். "எனக்கும் ரொம்ப நாளா ஆசைதான்," என்றான் இன்னொருவன். ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது எட்டுக் கட்டைவிரலிலும் வெள்ளைத்துணி. அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக்னலுக்குக் கூச்சமாக இருந்தது. பொய் சொன்னவன் அவன், பக்தி அவர்களுக்கு.

சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. மற்ற வருஷங்களில் இளவட்ட முறுக்கில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அந்தோணியார் அப்படியும் இப்படியும் ஆடுவார், மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்துவிடும். இந்த வருஷம் எட்டுப் பேரும் பூவின் மேல் மிதிப்பது போல அடியெடுத்து வைத்தார்கள். மஞ்சுமூட்டத்துக்கு நடுவே சப்பரம் அசங்காமல் மிதந்து வந்தது. "இப்படி ஒரு பவனி பார்த்ததில்ல!" என்று சனங்கள் கும்பிட்டார்கள்.

ஏரிக்கரை மேட்டில் ஆக்னலுக்குக் கண்ணை இருட்டியது. இதற்கு மேல் முடியாது, தோளை எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அப்போது பின்னாலிருந்து டெனிஸின் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அந்தோணியாரே... என்னைக் காப்பாத்துய்யா..."

இவ்வளவு பக்தியா! ஆக்னலுக்கு ரோஷம் வந்துவிட்டது. தண்டை இறுகப் பிடித்துக்கொண்டு மேட்டைக் கடந்தான்.

கோயில் வாசலில் சப்பரம் இறங்கியபோது ஒரு மெழுகுவர்த்திகூட அணைந்திருக்கவில்லை. வெடி வெடித்தது. மேளம் கிழிந்தது. ஜென்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, வெட்கத்தை விட்டுச் சிரித்தாள். அருளப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த எட்டுப் பேருக்கும் தோள்ல தெம்பு இருக்குற வரைக்கும் அவங்கவங்க தண்டை யாரும் கேட்கக் கூடாது. இது கோயில் தீர்ப்பு!"

ஆக்னல் நெஞ்சு கொள்ளாத சந்தோஷத்தோடு நிமிர்ந்தான். ஜெயித்துவிட்டான். அந்தோணியாரையும் ஊரையும் டெனிஸையும் ஒரே நாளில் ஜெயித்துவிட்டான்!

அப்போதுதான் கூட்டத்திலிருந்து கோடைக்கானல் நர்ஸ் செல்வமேரி வெளியே வந்தாள். திருவிழாவுக்கு வந்திருக்கிறாள். ஆக்னல் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வரிசையாக நின்ற எட்டுக் கட்டைவிரல்களையும் ஒரு நோட்டம் விட்டாள்.

"நாளைக்குக் கட்டு மாத்த எட்டுப் பேரும் ஒரே பஸ்ல வந்துருங்கப்பா. ஒவ்வொருத்தனும் தனித்தனியா வந்து, 'அக்கா, நகம் எடுத்ததை எங்க ஊர்ல சொல்லிறாதீங்க'ன்னு கும்பிட, சத்தியம் பண்ணிப் பண்ணி எனக்குக் கை ஓஞ்சு போச்சு!"