பூஜைத் தட்டில் உப்புத்தாள்

எலக்ட்ரிகல் படித்த மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் இரண்டே வேலைகள்தான். தோப்பில் மோட்டர் ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். ஓடிவிட்டால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். கல்யாணமான நாலு வருடத்தில் இரண்டாவது வேலையை நான் குறையில்லாமல் செய்துவந்தேன். முதல் வேலைக்கு மட்டும் என் மாமனார் கனி ராவுத்தரைத்தான் கூப்பிடுவார்.

இதில் எனக்கு உள்ளூரப் பயங்கர எரிச்சல். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஆள் உயர பேனல் போர்டுகளை அதட்டி வேலை வாங்குகிறவன் (என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பேனல் போர்டுகள் என்ன நினைத்தனவோ). ராவுத்தரோ கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்னக் கடையில் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர். இரண்டு வயர் முளைத்த ஒரு டெஸ்ட் பல்பு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அவருடைய ஆய்வுக்கூடம் அவ்வளவுதான்.

மாமனாருக்குப் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. தோப்பை விட அவர் அதிகம் நேசித்தது வீட்டு ஷெட்டில் நின்ற ஜீப்பை. அதற்கு என் மனைவி சுகந்தியை விட வயது அதிகம். சுகந்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதில்தான். பதினேழு வருடம் முன்பு, அந்த ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. டெஸ்டுக்குக் கொண்டுபோய் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும். வயரிங்கோ தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதே சமயம் ஆனைகட்டிப் பக்கம் ரிசார்ட் வைத்திருந்த ஒருவர், ஜீப்பைக் கேட்டுத் தூது அனுப்பினார். ஓட்டுவதற்கு இல்லை. வாசலில் நிறுத்தி, பானட்டுக்குள் மண் கொட்டி, பூச்செடி வைப்பாராம்.

“குடுத்தறலாமுங்க. சும்மா ஷெட்டை அடைச்சுட்டு நிக்குது” என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.

“டெஸ்டுல பாஸாகலைன்னா குடுத்தறலாம்” என்றார் மாமா. சொல்லிவிட்டு ஷெட்டுப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. வாயைத் திறந்தேன்.

“மாமா, மொத்த வயரிங்கும் நானே புதுசா மாத்தித் தர்றனுங்க.”

“ஏனுங்க மாப்ளே, அதுக்கு நம்ம ராவுத்தர் இருக்கறாருங்களே?”

“ராவுத்தர் எதுக்குங்க? ஜீப்புல மொத்தம் எண்ணிப் பார்த்தாலும் நாப்பது வயருதான். எனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடற மாதிரிங்க.”

அந்த அல்வா எனக்குக் கிண்டப்படுகிறது என்று அப்போது தெரியாது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை பார்த்தேன். சர்க்யூட்டை வரைபடத் தாளில் நாலு நிறத்தில் வரைந்தேன். பாடிக்குப் புதுப் பெயின்ட் அடித்தோம். பேட்டரியின் நெகட்டிவ்வை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த்துப் பட்டைக்காக மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவு பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பைப் பளபளவென்று எடுத்தேன். அந்தப் பட்டை சரியாக உட்காராவிட்டால் வண்டியில் எந்த விளக்கும் ஒழுங்காக எரியாது. இதை நான் சுகந்திக்கு, அத்தைக்கு, தேங்காய் பறிக்க வந்தவர்களுக்கு என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். “எர்த்துதாங்க எல்லாத்துக்கும் மூலம்” என்று நான் சொன்னதை அத்தை இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

வேலை முடியவும் ஆயுத பூஜை வரவும் சரியாக இருந்தது. எர்த்துப் பட்டையின் அந்த ஒரே போல்ட்டு மட்டும் பாக்கி. அதற்குள் மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். “மாப்ளே, நீங்களே உங்க கையால பொட்டு வெச்சு உடுங்க” என்றார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கல்யாண மேடையில் புகை கண்ணைக் கரித்தபோது, “எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லீங்களா?” என்று நான் கேட்டுத் தொலைத்திருந்தேன். அன்றிலிருந்து என் பக்தி பற்றி அந்த வீட்டில் ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஸ்டியரிங், டயர் என்று நாலு இடத்தில் வைத்து முடிக்கிற ஆள் இல்லை நான். பேட்டரி, டைனமோ, ஃபியூஸ் பெட்டி, ஹாரன் என்று பானட்டுக்குள் தலையைவிட்டு, கை போன இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மாமாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. பூஜை முடிந்ததும் பாக்கி போல்ட்டை முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஜம்மென்று எரிந்தன. மாமா என் தோளைத் தட்டினார். நாலு வருடத்தில் முதல் தட்டு.

நாலாம் நாள் வம்பு ஆரம்பித்தது. கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாகக் கண் விழித்தன. ஹாரனை அழுத்தினால் ஜலதோஷம் பிடித்த ஆடு மாதிரி ஒரு முனகல். இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் பாதி தூரம் எழுந்து, ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றது. வீட்டுக்கு வந்து, எல்லோரும் இறங்கியதும், டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. வந்துபோகும் கோளாறு மாதிரி மனுஷனைக் கொல்கிற சங்கதி வேறு கிடையாது. ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கண்டுபிடித்துவிடலாம். இதுவோ நாம் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தால் நல்ல பிள்ளையாகிவிடும். ஸ்விட்ச்சை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், எலியைச் சந்தேகப்பட்டு எலிப்பொறி வைத்தேன். (பொறியில் என் கட்டைவிரல்தான் விழுந்தது.)

மாமா எனக்குத் தெரியாமல் ராவுத்தரை வரவழைத்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். எல்லா விளக்கும் எரிந்தன. ஹாரன் கணீரென்று கேட்டது.

“வண்டி சுகமாத்தான இருக்குது சாரே?” என்றார்.

“இப்ப சுகந்தாங்க. நீங்க போனப்புறம் பாருங்க” என்றேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“எதுக்கும் அந்த எர்த்தை ஒருதரம் கழட்டிப் பார்த்துறட்டுமா?”

எனக்கு வந்ததே கோபம். ஊருக்கே எர்த்துப் பாடம் எடுத்தவனிடம் இந்தக் கேள்வியா? “எர்த்து என் கையால சுரண்டி மாட்டினதுங்க. அதைத் தொட வேண்டாம்” என்றேன். ராவுத்தர் டெஸ்ட் பல்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு நான் விஞ்ஞானத்தில் இறங்கினேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, கோளாறு வந்த நேரம், சாலை, வெயில், காற்று, வண்டியில் யார் யார் என்று எல்லாம் எழுதினேன். பதினோரு நாள் எழுதியதும் உண்மை பளிச்சென்று தெரிந்தது. காலையில் வந்தது, மாலையில் வந்தது. மண் ரோட்டில் வந்தது, தார் ரோட்டில் வந்தது. ஆனால் அத்தை ஏறாத ஒரு நாளும் வரவில்லை.

“இதை அம்மா காதுல போட்றாதீங்க” என்று சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, அத்தை எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்: “கோளாறுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சுங்க மாமா. அத்தைதான்.”

கரண்டி நின்றது.

“அதாவதுங்க, அத்தையோட வெயிட்டுக்கு பாடி ஒரு சைடா வளையுது. அப்ப உள்ள எங்கியோ ஒரு கனெக்‌ஷன் விடுது. அதனால டெஸ்டுக்கு அத்தையை ஏத்தாம போயிட்டா ஒரு பிரச்சனையும் இல்லீங்க.”

அத்தை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “போச்சாதுங்க மாப்ளே, பரவால்லீங்க. நான் இனி நடந்தே போய்க்கறனுங்க” என்றார். சொன்னபடி மறுநாளிலிருந்து கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் நடந்தார். வழியில் யார் கேட்டாலும் நின்று நிதானமாகக் காரணம் சொன்னார். இரண்டே நாளில், மாமியார் பாரம் தாங்காமல் ஜீப் கெட்டுப்போச்சு என்று சொன்ன மாப்பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வந்துபோனார்கள்.

டெஸ்டு நாள் வந்தது. நானும் மாமாவும் மட்டும் போனோம். வழியெல்லாம் ஜீப் தங்கமாக நடந்துகொண்டது. மாமா டேஷ்போர்டு மேல் கையை வைத்தபடியே வந்தார். ரிசார்ட்காரர் அன்று சாயங்காலம் லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பாஸாகிவிட்டால் சும்மா திரும்பிப் போவார்.

மைதானத்தில் எங்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று “லைட் இடூ” என்று மலையாளத்தில் சொன்னார். எரிந்தது. “ஹோர்ண் அடிக்கூ” என்றார். அலறியது. ஓரமாக இறங்கி நின்ற மாமாவைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினேன்.

“ஒரு ரவுண்டு போகாம்” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். அப்போதுதான் அவரை முழுசாகப் பார்த்தேன். என் அத்தையும் அவரும் தராசில் எதிரெதிரே உட்கார்ந்தால் முள் நடுவில் நிற்கும்.

ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், இண்டிகேட்டர்கள் கண் விழித்தன. பதற்றத்தில் ஹாரனை அழுத்தினேன், ஆடு முனகியது. வைப்பர் எழுந்து நின்று இன்ஸ்பெக்டருக்கு மரியாதை செய்தது.

“இது வண்டியாணோ, பூரத்தின்றெ லைட்டாணோ?” என்றார் அவர். இது வண்டியா, பூரத் திருவிழா விளக்கா என்று கேட்கிறார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா ஓடிவந்து, உடைந்த மலையாளத்தில், மத்தியானம் வரைக்கும் டைம் வேண்டும் என்று கெஞ்சினார். எழுபது தென்னைக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கிற மனுஷர், ஒரு ஜீப்புக்காகக் கைகூப்பி நின்றார். என்னுடைய வாயால்தான் அவருக்கு இந்த நிலை என்று நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குள் கொண்டுவரச் சொன்னார்.

நானே ராவுத்தருக்கு போன் பண்ணினேன். “எர்த்தைக் கழட்டிப் பார்க்கணுங்க” என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

முதலில் ஒரு தனி வயரை எடுத்து, பேட்டரியிலிருந்து நேராகப் பாடிக்குக் கொடுத்தார். மைதானத்தில் நின்ற இரண்டு பேரைப் பாரத்துக்காகப் பக்கத்து சீட்டில் ஏற்றிவிட்டு, என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பின்னால் சிவப்பு விளக்கு மட்டும், ஒழுக்கமாக எரிந்தது. பிறகு பானட்டுக்குள் குனிந்து எர்த்துப் போல்ட்டைக் கழற்றினார். பட்டையைத் தூக்கினார்.

“சாரே, கொஞ்சம் இங்க வாங்க.”

மூன்று தலைகளும் பானட்டுக்குள் போயின. நான் சுரண்டி வைத்த இரும்பு வட்டத்துக்கு நட்டநடுவே, காய்ந்து கெட்டியான ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஓரத்தில் ஒரு கதம்பப் பூவிதழ் வேறு.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று அந்தப் பளபள இரும்பு எனக்கு வெறும் நெற்றி மாதிரி தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மூலமான எர்த்தைப் பொட்டில்லாமல் விடலாமா என்று கூடுதலாகவே குழைத்து அப்பியிருந்தேன். அதன்மேல் பட்டையை வைத்து முறுக்கியதும் நானேதான். சந்தனம் காய்ந்ததும் பட்டைக்கும் இரும்புக்கும் உறவு அறுந்து, போல்ட்டு மரையின் தயவில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கனமானவர் ஏறினால் அதுவும் விட்டுப்போகும்.

மாமா இன்னும் குனிந்து பொட்டைப் பார்த்தார். “மாப்ளே, இது நீங்க வெச்சதுங்களா?”

“ஆமாங்க மாமா.”

“வட்டமா, அழகா வெச்சிருக்கறீங்க.”

ராவுத்தர் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்தார். தேய்ப்பதற்கு முன் கையை நிறுத்தி, “சாமி காரியம். நீங்களே அழிச்சிருங்க சாரே” என்று என்னிடம் நீட்டினார். நான் தேய்த்தேன். மாமா முதலில் இருமினார். அது இருமல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. பானட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாலு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று மணிக்கு முன்பே பாஸ். இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொண்டு இரண்டு ரவுண்டு போனோம். வைப்பர் படுத்தே கிடந்தது. ரிசார்ட்காரர் வெறும் லாரியோடு திரும்பினார்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்ற அத்தையிடம் மாமா நடந்ததைச் சொன்னார். அத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்ப கோளாறு என்னால இல்லீங்களே மாப்ளே?” என்றார்.

“இல்லீங்க அத்தை. எல்லாம் என்னாலதானுங்க. மன்னிச்சுக்கோங்க” என்றேன். அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நடந்து போனபோது கதை சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, நான் ஹாரன் அடிக்க அடிக்க, கதையின் இரண்டாம் பாகத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, சந்தனம், குங்குமம், பூ, வெற்றிலை இருந்த தட்டில் மாமா நாலாக மடித்த ஒரு உப்புத்தாளையும் வைத்தார். “பூஜை முடிஞ்சதும் மாப்பிள்ளைக்கு வேணுமுங்க” என்றார். அதற்கு அடுத்த வருடமும் வைத்தார். ஜீப் இன்னும் ஓடுகிறது. தட்டில் உப்புத்தாளும் இன்னும் இருக்கிறது. ராவுத்தர்தான் வருடா வருடம் புதுத் துண்டு கொடுத்துவிடுகிறார்.

அப்போது இரண்டு வயதாக இருந்த என் மகள் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். போன வருடம் பூஜையன்று, அவளுடைய ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துப் போட்டோ அனுப்பினாள். கீழே ஒரு தட்டு. சந்தனம், பூ, பக்கத்தில் மடித்து வைத்த உப்புத்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “அப்பா, ரூம்மேட் இது எதுக்குன்னு கேட்டாளுங்க. எங்க குல வழக்கம்னு சொல்லிட்டேன். சரிதானுங்களே?”

“சரிதான் கண்ணு” என்றேன்.

“இப்ப அவளும் அவ ஸ்கூட்டருக்கு ஒண்ணு வாங்கியாறப் போயிருக்கறாளுங்கப்பா.”