தொண்ணூற்றேழு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மொபெட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள்: அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் தங்கை செல்வி, மெக்கானிக் சுடலை அண்ணாச்சி, நான், ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய எங்கள் மொபெட். வராதவர், வக்கீல். அவரை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூட்டமே. (என் புத்தியும் அன்றைக்கு வரவில்லை. அது வராததை யாரும் கவனிக்கவில்லை.)

விஷயம் இதுதான். மூன்று நாட்களுக்கு முன்னால் என் செல்போனுக்கு ஒரு தகவல் வந்தது. ஐம்பதுக்கு மேல் போகக்கூடாத இடத்தில், நான் ஓட்டிய வண்டி தொண்ணூற்றேழு கிலோமீட்டர் வேகத்தில் போனதாக ராஜபாளையம் ரோட்டு கேமரா சொல்லியிருந்தது. ஆபத்தான வேகம், கோர்ட்டில் ஆஜராக வேண்டும், லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும் வாய்ப்புண்டு. கூடவே ஒரு படம். வாசுதேவநல்லூரில் வாங்கிய பருத்திக்கொட்டை மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நான். எனக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் முகம். என்னை முந்த வந்த பஸ் அது. அடுத்த நொடி அது கிளப்பிய காற்றில் நான் ரோட்டோரப் புழுதியில் இறங்கிவிட்டேன். கேமரா அளந்தது யாருடைய வேகத்தை என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒரு விதைக் கம்பெனியில் களப்பணியாளராகச் சேர வேண்டும். அசல் லைசென்ஸோடு வா என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், முதலில் மாதச் சம்பளம் வாங்கப்போகிறவனும் நான். லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு.

ஆனால் நான் என்ன செய்தேன்? ‘தொண்ணூற்றேழு!’ என்று வீடே அதிரக் கத்தினேன். படத்தில் பஸ்ஸை மட்டும் வெட்டிவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கூடப் படித்தவர்கள் தீப் படமாகப் போட்டுக் கொண்டாடினார்கள். சுடலை அண்ணாச்சி அதைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியே விட்டார். அந்த மொபெட்டுக்குப் பத்து வருஷமாக வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். அவருக்கு அது பிள்ளை வாங்கிவந்த மெடல்.

மூன்றாம் நாள்தான் வேலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதனால் கூட்டம்.

“வக்கீல் எதுக்குல?” என்றார் அப்பா. “பதினஞ்சு வருசம் உன்னைப் படிக்க வச்சது எதுக்கு? நீயே போய்ப் பேசு.”

நான் படித்தது விலங்கியல். தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டால் சொல்வேன். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை படிப்பு என்பது ஒன்றுதான். படித்தவன் ஊசியும் போடுவான், கோர்ட்டிலும் பேசுவான், மோட்டாரும் கட்டுவான்.

“இங்கேருங்க, வக்கீல் வச்சா இவன் என்னமோ செஞ்சிட்டாம்னுல்லா ஊரு பேசும்?” என்றாள் அம்மா. “பேசாம அவங்க கேட்ட துட்டக் கட்டிருவோம்.”

“துட்டக் கட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும்மா. லைசென்ஸ் போயிரும்,” என்றேன் நான். செல்போனில் மோட்டார் வாகனச் சட்டத்தை முந்தின ராத்திரி முழுக்கப் படித்திருந்தேன். நான்கில் ஒரு பங்கு புரிந்திருந்தது. மீதியை மனப்பாடம் செய்திருந்தேன்.

“எண்ணே, பஸ்ஸ வெட்டாம படத்தக் காமிச்சாப் போதும்லா?” என்றாள் செல்வி.

சுடலை அண்ணாச்சி அவளை முறைத்தார். “ஏட்டி, அப்ப வண்டி தொண்ணூத்தேழு போவலங்கியா?”

கடைசியில் பாதி முடிவு எடுத்தோம். வக்கீலை வைக்க வேண்டாம், ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மட்டும் வரலாம்.

மறுநாள் சங்கரன்கோவிலில், கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த வக்கீலம்மாவிடம் அப்பாவும் நானும் போனோம். நான் ஆரம்பித்தவுடன் சட்டப் பிரிவுகளை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வண்டி எங்க?” என்றார். வாசலில் நின்ற மொபெட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு நான் எதுக்கு தம்பி? இந்த வண்டி நாப்பதத் தாண்டாதுன்னு ஒரு மனு எழுதித் தாரேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தடவ ஓட்டிப் பாத்து எழுதிக் குடுத்தாப் போதும். கேஸ் நிக்காது. நான் கூட வரணும்னா ஐயாயிரம். வர வேண்டிய தேவையே இருக்காது. இப்ப ஐந்நூறு குடுங்க.” எழுந்தபோது விரலை நீட்டி அழுத்திச் சொன்னார்: “வண்டிய இருக்குத மாதிரியே கொண்டு போங்க. கேட்டீங்களா? இருக்குத மாதிரியே.”

கேட்டோம். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கலெக்டர் வருகிறார் என்றால் மாட்டைக்கூடக் குளிப்பாட்டித்தான் கட்டுவோம். பெரிய ஆள் முன்னால் அழுக்காக நிற்பது மரியாதைக் குறைவு. அந்த மொபெட்டோ மேட்டில் ஏறும்போது காசநோய்க்காரரைப் போல இருமும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்ற பெரிய அதிகாரி உட்கார்ந்து ஓட்டப்போகிற வண்டி அவர் முன்னால் இருமலாமா?

புதன்கிழமை நான் கண்ணாடி முன் நின்று, “ரெஸ்பெக்டட் சார்” என்று பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அப்பா வண்டியைச் சுடலை அண்ணாச்சியின் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பிய வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வேறு வண்டியின் பிஸ்டன், வேறு வண்டியின் கார்புரேட்டர், பளபளவென்று ஒரு சைலன்சர், முன்சக்கரத்தில் சந்தனம் குங்குமம்.

“மூவாயிரத்து எண்ணூறு ஆச்சு. கூலி எழுதல,” என்றார் அண்ணாச்சி. “இது என் மானப் பிரச்சன.”

இந்த இடத்தில் ஒரு படித்த இளைஞன் நெற்றியில் அறைந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் கேஸின் முழுப் பலமே அந்த வண்டியின் பலவீனம்தான். அதை அவிழ்த்துக் கடாசிவிட்டார்களே என்று அழுதிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணாச்சி, சாவியக் குடுங்க.”

வியாழக்கிழமை காலை அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அண்ணாச்சி தன் வண்டியில் பின்தொடர்ந்தார். அடடா, அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்! கரிசல் காடு இரண்டு பக்கமும் ஓடியது. ஒரு டவுன் பஸ்ஸை முந்தினேன். என் வாழ்க்கையில் நான் முந்திய முதல் பஸ். அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏலே, போவுதுல! நெசமாவே போவுதுல!” என்று கத்தினார். நானும் கத்தினேன். எதற்காகப் போகிறோம் என்பது எங்கள் இருவருக்குமே வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என் மனுவைப் படித்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டில் ஏறினார். வேகம் பார்க்க அவருடைய டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். முதல் சுற்றில் ஜீப் பக்கத்திலேயே போனது. இரண்டாவது சுற்றில் ஜீப் பின்தங்கியது. இன்ஸ்பெக்டரின் சட்டை முதுகுப் பக்கம் பலூன் மாதிரி உப்பியது. திரும்பி வந்து இறங்கியவர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார்.

“தம்பி, ‘நாற்பதைத் தாண்டாது’ன்னு எழுதியிருக்கு. அறுபத்தெட்டு போவுது.”

நான் “ரெஸ்பெக்டட் சார்” என்றேன். அதற்கு மேல் பழகி வைத்தது எதுவும் வரவில்லை.

“இன்னும் இழுத்தா எழுவத்தஞ்சு போவும் சார்!” என்றார் பின்னால் நின்ற சுடலை அண்ணாச்சி, கைகளைக் கட்டிக்கொண்டு. “நீங்க பாதி ஆக்ஸிலேட்டர்தான் குடுத்திய.”

“எல்லாம் இவரு கைவேலதான் சார்,” என்று அப்பா சந்தோஷமாக அவரை முன்னால் தள்ளிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து இன்ஜினைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. “அப்ப தொண்ணூத்தேழும் போயிருக்குமோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றாம் தேதி கண் முன்னால் வந்து நின்றது, அசல் லைசென்ஸ் இல்லாமல். ஓரமாகப் போய் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். வக்கீல் வைப்பதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்த குடும்பம் நாலு நொடியில் முடிவு செய்தது. “அம்மா, உடனே வாங்க!”

“வண்டிய இருக்குத மாதிரியே கொண்டு போனீங்கல்லா?” என்றார் அவர்.

நான் பளபளத்த சைலன்சரைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

வக்கீலம்மா ஆட்டோவில் வந்திறங்கி, என் செல்போனில் இருந்த வெட்டாத படத்தை இன்ஸ்பெக்டர் முன் வைத்தார். பஸ்ஸைக் காட்டினார். மூட்டையைக் காட்டினார். என் முகத்தைக் காட்டினார். “சார், தொண்ணூத்தேழுல போறவன் மூஞ்சியா இது? பின்னால பஸ் வருதுன்னு உயிரப் பிடிச்சிருக்கவன் மூஞ்சி. பட்டறைக்காரரையும் கேளுங்க, வண்டிய எப்பப் பிரிச்சாருன்னு.”

“நேத்து,” என்றார் அண்ணாச்சி. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பில்லையும் எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். படம் எடுத்த அன்றைக்கு அந்த வண்டி அந்த வேகத்தில் போயிருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். வேக கேஸ் விழுந்தது. அதே பேனாவால், அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றியதற்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமும் எழுதினார். பழைய இன்ஜினை மாட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார். பழைய பிஸ்டனை அண்ணாச்சி குப்பையில் தேடி எடுத்து, கண் கலங்க மாட்டினார். மொபெட் மறுபடியும் இருமியது.

ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தேன். அசல் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். போன மாதம் சிவகிரிக்குக் கிளம்பும்போது புதுச் சட்டை போட்டு, முகத்தில் கொஞ்சம் பவுடரும் பூசினேன். செல்வி வாசலில் மறித்து நின்றாள். “எண்ணே, இருக்குத மாதிரியே போ. இன்ஜின மாத்திட்டுப் போயி மாட்டிக்கிடாத.” அம்மா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

அப்பா மட்டும் விடுவதில்லை. யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: “அந்தத் தொண்ணூத்தேழுக்கு நாங்க ஒத்த ரூவா கட்டலல்லா!”

உண்மைதான். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மற்றதற்கெல்லாம் சேர்த்து, பதினாலாயிரத்து முந்நூறு.