மில் பங்கும் பெண் வீட்டுப் பங்காளியும்

ஊரார் பணத்தைத் திரட்டிக் கம்பெனி ஆரம்பித்துக் கொடுக்கிற தொழிலுக்கு ஒருவன் பதினாறு வயதிலேயே எப்படித் தயாராவது என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. அந்த வயதில் நான் செய்த எதையும் செய்யாமல் இருந்தாலே போதும்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. சேலம் பக்கம் நூல் மில் வரப்போகிறது என்று சொல்லி, அதற்குப் பங்கு சேர்க்க ஒரு ஏஜெண்டு திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குக் காரில் வந்தார். மூடிய கோட்டு, தலைப்பாகை, சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் அப்பாவைப் பங்கு வாங்க வைத்துவிட்டார். (கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர் என் அப்பா.) வெறும் பேச்சில் ஒரு மில்லையே எழுப்பலாம் என்றால் எனக்கு வேறென்ன தொழில் வேண்டும்?

அன்றிலிருந்து தயாரிப்பு. காப்பிக் கடையில் கிடந்த பழைய பேப்பரைப் பார்த்து பம்பாய் மார்க்கெட் விலைகளை மனப்பாடம் செய்தேன். (எதற்கு விலை என்று மட்டும் தெரியாது.) அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டுத்தறியில் நின்ற எருமைகளுக்கு மில் லாபத்தை விளக்கினேன். அவை மறுப்பேதும் சொல்லவில்லை. மனிதர்கள் முன்னால் பேசிப் பார்ப்பதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் அண்ணனுக்கு ஓமலூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. அண்ணன் தங்கமானவன், நல்ல உழைப்பாளி. ஆனால் திக்குவாய். அதனாலேயே பல இடங்கள் தட்டிப் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் அவன் நேராகக் காட்டுக்குப் போய் ஏர் பிடிப்பான்.

பெண் வீட்டுக்குப் போகிற வண்டியில் அப்பா என்னிடம், “சாமி, அங்க வந்து வாயத் தொறக்காத. அண்ணனுக்கு இதாவது அமையட்டும்” என்றார். தலையாட்டினேன்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அது எங்கள் அப்பா கைக்கு மாறிவிட்டால் சம்பந்தம் உறுதி. நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தோம். கூடம் நிறைய வசதியான மனிதர்கள், ஒருவரும் பேசவில்லை. (ஏஜெண்டாகப் போகிறவன் இதை எப்படி விடுவது?) போட்டு வந்திருந்த அப்பாவின் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

“ஏனுங்க, சேலத்துல நூல் மில்லு வருதுங்க. எங்கப்பா பங்கு வாங்கீட்டாருங்க. நீங்களும் வாங்கீட்டா, இன்னையிலிருந்து நம்ம ரெண்டு குடும்பமும் பங்காளிங்க.”

ஏஜெண்டு சொன்ன சொல் ‘பங்குதாரர்’. எனக்கு அது வாயில் வரவில்லை. பங்கு வைத்திருப்பவன் பங்காளிதானே என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கம் பங்காளி என்றால் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில் பிறந்தவன், அண்ணன் தம்பி முறை. அந்த வீட்டில் பெண் எடுப்பது கூடப் பிறந்தவளைக் கட்டுவது போல.

நீட்டப் போன தட்டு பாதியில் நின்றது.

“ஏனுங்க, வேற கூட்டம்னுதானுங்களே சொன்னீங்க?” என்றார் பெண்ணின் அப்பா.

“வேற கூட்டந்தானுங்க. பையன் மில்லச் சொல்றானுங்க” என்றார் அப்பா.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். “இல்லீங்கப்பா, பங்காளியேதானுங்க. எழுதியே குடுப்பாங்க” என்று விளக்கினேன்.

தட்டு தரைக்கு இறங்கிவிட்டது. முறை தப்பிவிடும் என்று முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தான். “நா... நா...” என்பதற்குமேல் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

“ஏனுங்கப்பா, என்னைய அந்தப் பேசற பையனுக்கா குடுக்கறீங்க? பேசாதவருக்குத்தானுங்களே.”

கல்யாணப் பெண் சபையில் வாய் திறக்கிற காலமில்லை அது. கூடமே கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு அவள் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அதுஞ் செரி. நமக்கு ஆம்பளப் பையன் இல்ல. இந்தப் பேசற பையன் மட்டும் பங்காளியா நம்ம பக்கம் இருந்துக்கட்டும்” என்று சொல்லித் தட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அண்ணன் அன்று சிரித்த மாதிரி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பின்னாளில் நான் பங்கு விற்றுத்தான் பிழைத்தேன். சுமாராகவே பிழைத்தேன். ஆனால் கதை அதுவல்ல. அண்ணிக்கு ஒரு தங்கை உண்டு. கொள்ளை அழகு. சில வருஷம் கழித்து அவளை எனக்குக் கேட்டு அப்பா ஓமலூர் போனார்.

“பங்காளிக்குப் பொண்ணு குடுக்கற வழக்கம் இல்லீங்களே” என்றார் அண்ணியின் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கொடுக்கவில்லை.

அவளை வாழப்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் முறைச் சீர் செய்ய ஆளில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தியபோதெல்லாம், “எங்க பங்காளியக் கூப்பிடுங்க” என்று அண்ணி சபையில் உரக்கச் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தாய்மாமனாகப் போய் உட்கார்ந்து, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வேன்.