பலகையில் பூச்சியம்

நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை சொல்லாமல் பேசாமல் இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அது ஐந்து மாதமும் மூன்று வாரமும் நீடித்தது. ஆறாவது மாத முடிவில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் நோயாளிகளை வரிசைப்படி அழைக்கும் நிரல் எங்களுடையது. பழைய கணினி செத்துப்போனதால், நிரலைப் புதிய கம்பைலருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. (மற்றவர்கள் எல்லோரும் லீவு.)

நிரலில் இரண்டு கோப்புகள். தாதி பொத்தானை அழுத்தினால், ஒன்று இலக்கத்தைக் கூட்டி ஒலிபெருக்கியில் அழைக்கும். மற்றது அதே இலக்கத்தைச் சுவரிலுள்ள மின்பலகையில் காட்டும். அந்த இலக்கத்தை வைத்திருக்கும் மாறி இரண்டுக்கும் பொது. அதற்கான வரி, இரண்டும் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில் இருந்தது. பழைய கம்பைலர் பெருந்தன்மையானது. இரண்டு இடத்தில் கண்டும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. புதியது, ஒரே பெயரில் இரண்டு மாறிகளா என்று மறுத்துவிட்டது.

தலைப்புக் கோப்பில், மாறி வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ‘எக்ஸ்டர்ன்’ என்பதைப் போட்டு, மாறியை ஒரு கோப்பில் மட்டும் உருவாக்கியிருக்க வேண்டும். நான் ‘ஸ்டாட்டிக்’ என்று போட்டேன். பிழைச்செய்தி மறைந்தது. (மறையாதா பின்னே? ஆளுக்கொரு மாறி கொடுத்துப் பிரித்து வைத்தாயிற்றே.)

“சோதிச்சுப் பாத்தனீரோ?” என்று கேட்டார் மேலாளர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர்.

“ஒரு எரர் கூட இல்ல சேர்.”

“நான் அதைக் கேக்கேல்லை.”

பலகையில் பூச்சியம் அழகாக எரிந்ததைப் பார்த்திருந்தேன். தொடக்கத்தில் பூச்சியம்தானே இருக்க வேண்டும்? வீட்டிலும் ஒரு எரரும் இல்லை என்றே சொல்லி வைத்தேன்.

புதிய நிரல் ஓடிய முதல் நாள் காலை, சிவநேசனும் நானும் கிளினிக்கில் நிற்க, மகனின் சாதனையைப் பார்க்க அம்மா வத்தேகமையிலிருந்து பஸ் ஏறி வந்தார். முழங்கால் வலி ஒரு சாக்கு. அவருடைய இலக்கம் பதினான்கு. முன்வரிசைக் கதிரையில் அமர்ந்து, பலகை யாருடைய கைவேலை என்பதை இரு பக்கத்தாருக்கும் தெரிவித்தார்.

ஒலிபெருக்கி ஒன்று, இரண்டு என்று அழைத்தபடி முன்னேறியது. கூடிக்கொண்டு போனது ஒலிபெருக்கியின் மாறி மட்டும்தான்; பலகை தன் மாறியின் பூச்சியத்திலேயே நின்றது. மற்றவர்கள் காதை நம்பி உள்ளே போனார்கள். “பதினான்கு” என்றது ஒலிபெருக்கி. அம்மா அசையவில்லை.

“பதினாலு நீங்கதானே அம்மா? உள்ளுக்குப் போங்க” என்றார் தாதி பரீனா.

“போர்டுல வரலியே மகள்.”

“அது பழுது அம்மா.”

“பழுதா? எம்மகன் செஞ்சது. அதுல வரட்டும், போறேன்.”

பதினைந்து போனது. பதினாறு போனது. சிவநேசன் என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம் நடந்தேன்.

“போங்கம்மா. போர்டு பிழை.”

“ஒரு எரரும் இல்லன்னு நீதானே சொன்ன?” வரிசை முழுவதற்கும் கேட்டது. சிவநேசனுக்கும் கேட்டது.

என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. இன்றும் வீட்டில், சமையல் கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால்கூட, தங்கை கேட்பாள்: “அது சரி, போர்டுல எத்தனை?” எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவைத் தவிர. அன்றைக்கு ஒலிபெருக்கிதான் அவசரப்பட்டது என்பது அவருடைய முடிவு.