மூடிய டப்பாவிலிருந்து உப்பு எடுத்தவர்

கட்டில் கடைக்கு மேலே உள்ள மாடி அறையைக் காலை நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். படிக்கட்டு முழுக்க மனிதர்கள். ஆளுக்கொரு சாப்பாட்டு டப்பா. ரத்தக்கொதிப்புக்காரர்கள், இதய நோயாளிகள், கால் வீங்கியவர்கள், இனி வீங்கப்போகிறவர்கள். எல்லாரும் ‘உப்பிழுக்கும் ஐயா’வுக்காகக் காத்திருந்தார்கள்.

ஐயா ஒரு வெள்ளைக் கல்லைக் கறுப்புப் பட்டுத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவின் மேல் சுழற்றுவார். எதையோ முணுமுணுப்பார். துணியை உதறுவார். தட்டில் பொலபொலவென்று உப்பு கொட்டும். உணவில் ஒளிந்திருந்த உப்பாம்! டப்பாவைத் திறக்கக் கூடாது. திறந்தால் கல்லின் சக்தி பறந்துவிடும். மூடியைத் துளைத்து உப்பு எப்படி வந்தது என்று யாராவது கேட்டார்களா? எல்லார் வாயும் திறந்துதான் இருந்தது; வியப்பில்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரரும் உண்டு. இதயம் பலவீனம், உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மனைவி சமையலில் உப்பையே நிறுத்திவிட்டாள். நாக்கு செத்துப்போன தையல்காரர், ரொட்டியும் சீஸும் பாக்கெட் சூப்பும் வாங்கி, ஐயாவின் கல்லுக்குக் காட்டிவிட்டுப் பயபக்தியோடு தின்றார்.

“ஏங்க, கால் இப்படி வீங்கியிருக்கே. செருப்புகூட நுழையல.”

“அது பழைய உப்புடி. வெளியேறும்போது அப்படித்தான் இருக்குமாம். ஐயா சொன்னாரு.”

பழைய உப்பு வெளியேறவில்லை. தையல்காரர்தான் வீட்டைவிட்டு வெளியேறினார், மூச்சுத் திணறி, ஸ்ட்ரெச்சரில்.

“நான் ஒரு துளி உப்பு போடலையே டாக்டர்!” என்று மனைவி அழுதாள்.

“நீங்க போடலம்மா. ரொட்டி சுடுறவன் போட்டிருக்கான், சூப் பண்றவன் போட்டிருக்கான். இனிப்பு பிஸ்கட்லகூட இருக்கு. பாக்கெட் பின்னால சோடியம்னு போட்டிருக்கும், பாருங்க.”

“அதையெல்லாம் ஐயா இழுத்துட்டாரு டாக்டர்” என்றார் படுக்கையிலிருந்த பக்தர்.

மருத்துவர் மருந்துச்சீட்டை எடுத்தார். மாத்திரையைக் கூட்டினார்.

வீடு திரும்பிய தையல்காரர் மறுபடியும் டப்பாவைத் தேடினார். மனைவி தடுக்கவில்லை. “நானே கட்டித் தரேன். நானும் வரேன்” என்றாள்.

மாடியில் ஐயா கல்லைச் சுழற்றினார். துணியை உதறினார். தட்டில் உப்பு குவிந்தது. கூட்டம் ‘அப்பப்பா’ என்றது.

“எவ்வளவு உப்பு பாருங்க! யாரும்மா சமைச்சது?”

“நான்தாங்க” என்று மூடியைத் திறந்தாள் அவள்.

உள்ளே கலர் கலராக நூற்கண்டுகள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஐயா சமாளித்தார். “நூல்ல வேர்வை பட்டிருக்கும். வேர்வையில உப்பு உண்டு.”

“அப்படியா? அப்போ துணி இல்லாம, சட்டைக் கையை மடிச்சுவிட்டு, இன்னொரு தடவை இழுங்க ஐயா.”

ஐயாவுக்கு அவசர வேலை வந்துவிட்டது. வாசலை நோக்கி நகர்ந்தவரின் கையை, வரிசையில் நின்ற பஸ் ஓட்டுநர் பிடித்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பை நழுவி விழுந்து கிழிந்தது. தரையெல்லாம் வெள்ளை. ஒரு பெண்மணி குனிந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

“உப்புதான்!”

அந்த அறையில் கலப்படமில்லாதது அது ஒன்றுதான்.

தையல்காரர் படியிறங்கும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். “இத்தனை நாளா அவன் இழுத்தது என் உயிரைத்தானா?” என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தார்கள். பாதி அலமாரி காலியானது. பூண்டும் மிளகும் எலுமிச்சையும் உள்ளே வந்தன. சில வாரங்களில் செருப்பு காலில் நுழைந்தது.

உப்பிழுக்கும் ஐயா இப்போது வேறு தெருவில் சர்க்கரை இழுக்கிறாராம். படிக்கட்டில் இடமில்லையாம். அங்கே நிற்கும் மகாஜனங்களே, மருத்துவர் குறைக்கச் சொன்னது உப்பையும் சர்க்கரையையும்தான். புத்தியை யார் குறைக்கச் சொன்னார்கள்?