நிராகரிக்கப்பட்ட ஒரே லேத்

அன்புள்ள மைத்துனன் யுன்ஹேவுக்கு,

உன் அக்காள் கணவன் கெங் ஷௌசின், தெங்ஜோவில் லேத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை அறையிலிருந்து எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காளும் சுகம். என் ரத்த அழுத்தமும் சுகமாக வளர்ந்து வருகிறது. உன் மனைவி, குழந்தைகள், புதிதாக வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறை எல்லாம் நலமாக இருக்க வேண்டும்.

இருந்த வேலையை விட்டுவிட்டு, பம்புக்குத் தண்டு கடைந்து கொடுக்கப் போகிறாய் என்று தெரிந்து சந்தோஷம். "அத்தான்தானே தரப் பரிசோதனைத் தலைவர், நல்ல லேத்தாப் பார்த்து ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்று அக்காளிடம் ஃபோனில் சொன்னாயாம். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. லேத் கோணினால் தண்டு கோணும், தண்டு கோணினால் முதல் ஆர்டரே திரும்பி வரும், அப்புறம் நீ குடும்பத்தோடு என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

தலைவர் என்றால் என்ன வேலை என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. எங்கள் சான்றிதழில் அளவுகள் அச்சடித்தே வந்துவிடும். பிழை என்ற கட்டத்தில் 0.006 மில்லிமீட்டர். நான் முத்திரை குத்தினால் போதும். பதினோரு வருடமாகக் குத்திக் குத்தி வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. வார்த்த இரும்பு பின்னால் கோணாமலிருக்க, அதை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு ஆறவிட வேண்டும் என்று படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்பதாம் நாள் பெயின்ட் அடித்துவிடுவோம். கேட்டால், கப்பலில் போகும்போது ஆறிக்கொள்ளும் என்பான் ஃபோர்மன் துவான். லாரியில் போகிற லேத் என்ன செய்யும் என்றால், வாங்கினவன் பட்டறையில் ஆறுமாம். கையால் சுரண்டிச் சமப்படுத்த வேண்டிய தளத்தை மெஷினில் சீவிவிட்டு, மேலே மீன் செதில் மாதிரி கோலம் மட்டும் கையால் போடுவார்கள். வாங்க வருகிறவர்கள் அந்தக் கோலத்தைத் தடவிப் பார்த்து உருகிப்போவார்கள்.

சரி, உனக்காக ஒரு தடவை நிஜமாகவே அளந்து பார்ப்போம் என்று சோதனைத் தண்டையும், கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜையும் எடுத்துக்கொண்டு போனேன். சோதனைத் தண்டு என்பது வழவழவென்று கடைந்த எஃகு உருளை. லேத்தின் தலைப்பகுதியில் செருகி, நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அளந்தால், அச்சடித்த 0.006 அப்படியே வந்தது. அப்போது கிழட்டு ஃபிட்டர் ஹௌ என் காதருகே வந்து, அந்தத் தண்டை நம்ப வேண்டாம் என்றார். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு வருடமும் குளிர்கால உச்சி நாள் பண்டிகையன்று, முன்னூறு பேருக்குக் கொழுக்கட்டை மாவு தேய்க்க கேண்டீன்காரர்கள் அந்தத் தண்டைத்தான் இரவல் வாங்கிப் போவார்களாம். மாவு தேய்த்தால் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு வருடம் கேண்டீன் பாய்லர் கதவு இறுகிக்கொண்டபோது அதையே கடப்பாரையாக்கி நெம்பியிருக்கிறார்கள். ஒரு தலைமுடி கனத்துக்கு வளைந்துவிட்டது. தண்டை அரைச்சுற்றுத் திருப்பி இரண்டாம் முறை அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆனால் எங்கள் பரிசோதனை அறையில் முதல் முறை அளப்பதே வழக்கமில்லை. ஃபிட்டர்கள் மட்டும் பாவம், டயல் முள் அசையாமல் நிற்கும்வரை ஒவ்வொரு லேத்தையும் அந்தத் தண்டுக்கு ஏற்றபடி பொறுமையாகக் கோணலாக்கி வந்திருக்கிறார்கள்.

புதுத் தண்டு ஒன்று வரவழைத்து, தயாராக நின்ற பதினான்கு லேத்தையும் அளந்தேன். பதினான்கும் ஒரே பக்கம், ஒரே அளவு கோணல். துவானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பதினாலும் ஒரே மாதிரி இருக்குல்ல? அதுக்குப் பேருதாண்ணே தரம்."

மேலாளர் ஷிங் கூட்டம் போட்டார். நாற்பது நாட்டுக்குப் போன லேத் தப்பா, நேற்று வந்த தண்டு தப்பா என்று கேட்டார். ஒருவரும் யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தண்டு தப்பு என்று புகார் எழுதி, அதைத் திருப்பி அனுப்புவதாக ஏகமனதாக முடிவானது. புகாரில் முத்திரை குத்தியவன் யார் என்று கேட்காதே.

திருப்பி அனுப்பும் பொறுப்பும் என்னிடமே இருந்ததால் மூன்று வாரம் இழுத்தடித்தேன். மூன்று ஞாயிறும் நானும் ஹௌவும் அந்தப் பதினான்கில் முப்பத்தொன்றாம் எண் லேத்தின் முன்னால் மண்டியிட்டு, மேடு தெரிய நீலச்சாயம் தடவிச் சுரண்டி, அளந்து, மறுபடி சுரண்டி, புதுத் தண்டை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அளந்தோம். மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் முள் நின்றது. யுன்ஹே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒரு லேத் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

திங்கட்கிழமை, நாங்கள் கை வைத்த லேத் என்பதால் அதை மட்டும் விதிப்படி அளந்தே பார்க்கச் சொன்னார் மேலாளர், பழைய தண்டை வைத்து. தோற்றது! எங்கள் தொழிற்சாலையில் நிராகரிக்கப்பட்ட முதல் லேத் அதுதான். ஒட்டுவதற்குச் சிவப்புச் சீட்டே கைவசம் இல்லாமல், புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டிய சிவப்புக் காகிதத்தைக் கிழித்து எழுதினார்கள். சுயவிமர்சனம் எழுதி கேண்டீனில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னார்கள். "தனிப்பட்ட கர்வத்தாலும் கூட்டு உழைப்பின் மேல் இருந்த அலட்சியத்தாலும் ஒரு லேத்தை நேராக்கிவிட்டேன்" என்று வாசித்தேன். மனப்பூர்வமாக இருந்தது, ஆனால் குரல் போதவில்லை என்று மேலாளர் சொன்னதால் இரண்டாம் முறையும் வாசித்தேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

ஆகவே தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழோடு எது வந்தாலும் வாங்காதே. முற்றத்தில் சிவப்புச் சீட்டோடு நிற்கும் முப்பத்தொன்றை உனக்கே தள்ளிவிடுவதற்கு மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். சீட்டைப் பார்த்துப் பயப்படாதே. இந்த ஊரில் நேரான லேத் அது ஒன்றுதான், அதற்கு நான் பொறுப்பு. உன் பட்டறையில் ஓயாமல் சில்லு பறக்கட்டும், குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு, உன் நலனைத் தவிர வேறெதையும் ஒழுங்காக அளந்திராத அத்தான்,
கெங் ஷௌசின்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் ஒரு சேதி. தம்பிக்குப் போயும் போயும் கழித்துப்போட்ட சாமானை அனுப்புகிறாரே என்று உன் அக்காள் துவானின் மனைவியிடம் காய்கறிக் கடையில் நின்று அழுதாளாம். துவான் மனம் பொறுக்காமல் நேற்று, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், ஆறு பேரைக் கூட்டி வந்து, பழைய தண்டை வைத்து முப்பத்தொன்றைச் 'சரி' செய்துவிட்டான். சிவப்புச் சீட்டைக் கிழித்தாகிவிட்டது. சான்றிதழில் முத்திரையும் குத்தியாகிவிட்டது, என் மேஜையில்தானே கிடக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் லாரி உன் வாசலுக்கு வந்துவிடும். "எங்களுக்காக எத்தனை முத்திரை குத்தியிருப்பீங்கண்ணே, உங்க மச்சானுக்காக ஒரு நாள் நாங்க ஒழுங்கா வேலை செய்ய மாட்டோமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நன்றி சொன்னேன், வேறென்ன சொல்வது. இதுவரை எந்த லேத்திலும் கோணல் இத்தனை துல்லியமாக வந்ததில்லை என்கிறார் ஹௌ.