குயிலுக்கு பேஸ் பத்தாது

ஒரு காட்டில் செல்போன் டவர் முளைத்தது. டவர் முளைத்தால் செல்போன் முளைக்கும், செல்போன் முளைத்தால் அதன் பின்னாலேயே மலிவு ஹெட்செட்டும் முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் காட்டில் ஹெட்செட் வியாபாரம் பார்த்தது துரைக்கண்ணு என்ற முள்ளம்பன்றி. தனியாகக் கடை எதற்கு? முதுகு முள்ளில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் அதுதான் கடை.

சரக்கின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம்தான் பாடும். மறுபக்கமும் பாட வேண்டுமென்றால் ஒயரை மடித்துப் பிடித்து, கழுத்தை ஒருக்களித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மான், கரடி, காட்டுப்பன்றி எல்லோரும் கழுத்தைச் சாய்த்தபடியே நடமாடினார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து வந்த வைத்தியர் ஏதோ தொற்றுநோய் என்று பயந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

சத்தத்திலும் ஒரு விசேஷம் உண்டு. அடியில் 'டம் டம்' என்று இடிக்கும் பேஸ் மட்டும் நெஞ்சைப் பிளக்கும். மேல் ஸ்தாயியில் என்ன பாடினாலும் ஈரச் சட்டியில் கடுகு தாளித்த மாதிரி கரகரக்கும்.

இதில் வயிற்றில் அடி வாங்கியவர் குயில் அமிர்தலிங்கம். வருஷா வருஷம் வசந்த விழாவில் முதல் கூவல் அவருடையது. அதை வைத்துத்தான் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் போட்டுவிடும், பாவம் காக்கைக்கு ஒன்றும் தெரியாது என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். சுத்தப் பொய். காக்கைக்கு எல்லாம் தெரியும். 'விழா வித்வான் வீட்டுப் பிள்ளை எங்க கூட்டுலதான் வளருது' என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளலாமே என்றுதான் அது வாயை மூடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷமும் காக்கை சிவபாக்கியத்தின் கூட்டில் ஒரு குயில் முட்டை இருந்தது. சிவபாக்கியம் அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்த வருஷம் மரங்கொத்திக்குத்தான் சான்ஸுன்னு பேசிக்கிறாங்க. அப்படி ஆயிடுச்சுன்னா உங்க முட்டையை எடுத்துக்கிட்டுப் போயிருங்க. நாங்க அவங்க வீட்டு முட்டைக்குச் சொல்லி வெச்சிருக்கோம்."

"எங்கே தங்கச்சி எடுத்துட்டுப் போவேன்? எங்க வம்சத்துக்கே கூடு கட்டத் தெரியாதே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்கும் நாலு பேர் மதிக்கணும்ல."

மரங்கொத்தி பாடகனே இல்லை. மரத்தை 'டம் டம்' என்று கொத்தி எறும்பு பொறுக்கித் தின்றுகொண்டிருந்ததை எவனோ போனில் பதிவு செய்துவிட்டான். அதைக் காடே ஹெட்செட்டில் கேட்டுச் சொக்கிக் கிடந்தது. விழாக் கமிட்டித் தலைவரான யானையோ விடியற்காலையில் எழுந்து யார் பாட்டையும் நேரில் கேட்கிற ஆள் இல்லை. பதிவு செய்து அனுப்பினால் விழாவன்று ஹெட்செட்டில் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும். அதுதான் கமிட்டி வழக்கம்.

அமிர்தலிங்கம் நேராகத் துரைக்கண்ணுவிடம் பறந்து, ஒரு ஹெட்செட்டை மாட்டித் தன் கூவலையே கேட்டார். தகர டப்பாவுக்குள் கொசு அழுவது போல இருந்தது.

"இதுவா நான்?" என்றார்.

"மேல் சத்தம் இதுல நிக்காது பாகவதரே. இந்த வெலைக்கு இதுதான்."

"அப்ப நல்ல ஹெட்செட்டா வித்துத் தொலைய வேண்டியதுதானே?"

"வித்துப் பார்த்தேன். பேஸ் இல்லைன்னு எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

விழா நாள் விடிந்தது. கூடவே கோடை மழையும் கொட்டியது. ஹெட்செட்டுகள் எல்லாம் நனைந்து ஊமையாகிவிட்டன. மழை விட்டதும் காட்டில் ஒரே அமைதி. விலங்குகள் வெறும் காதோடு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றன. இதுதான் சமயமென்று அமிர்தலிங்கம் மாமரத்தில் ஏறி, உயிரைக் கொடுத்துக் கூவினார்.

கரடி விக்கி விக்கி அழுதது. யானை துதிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சாய்ந்திருந்த கழுத்துகளெல்லாம் நிமிர்ந்தன. சிவபாக்கியம் முட்டையை இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த அமிர்தலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் நல்ல பேர் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பாழாய்ப் போன யானை, "அடடா, இதை யாராவது ரெக்கார்டு பண்ணீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தது. கரடி பண்ணியிருந்தது. மழையால் விழா தள்ளிப்போக, வெயிலில் காய்ந்த ஹெட்செட்டுகளுக்குப் பாதி உயிர் வந்தது. கமிட்டி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து, கரடியின் பதிவைக் கேட்டது.

"நேர்ல கேட்டப்ப நல்லாத்தான்யா இருந்துச்சு," என்றது கரடி சங்கடமாக.

"மழை நேரம். எல்லாருக்கும் மனசு கொஞ்சம் எளகிப் போச்சு," என்றது யானை. "ஒரிஜினல் இதுதான். பாகவதரே, எதுக்கும் தொண்டையை ஒரு தடவை வைத்தியர்கிட்டக் காட்டிருங்க."

சிவபாக்கியம் முட்டையைக் கூட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் கீழே பாறை.

அன்றே அமிர்தலிங்கம் ஒரு பட்ட மரத்தின் பொந்துக்குள் புகுந்தார். மண்டையைப் பொந்தில் முட்டி 'டம்' என்றார். தொண்டையில் 'கர்ர்' என்று இழுத்தார். நடுநடுவே ஒயர் அறுந்த மாதிரி சட்டென்று நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். நெற்றி வீங்கியதுதான் மிச்சம் என்று நினைத்தார். பதிவை அனுப்பினார்.

யானை கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டது. "இப்பத்தான்யா இந்த ஆளுக்குத் தொண்டை தெறந்திருக்கு!"

முதல் கூவல் அவருக்கே. சிவபாக்கியம் முட்டையை நடுக்கூட்டுக்கு இழுத்துக்கொண்டு, பக்கத்து மரத்துக்குக் கேட்கும்படி அதைக் கொஞ்சினாள். மரங்கொத்தி வழக்கம் போல எறும்பு தின்றது. அதற்குப் போட்டி நடந்த விஷயமே தெரியாது.

குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, தன் முதல் குரலை எடுத்தது. என்ன குரல்! மாந்தளிரே சிலிர்க்கும்படி, பிசிறில்லாமல், வானம் வரைக்கும் போகிற 'கூ...'

அமிர்தலிங்கம் பாய்ந்து போய் அதன் அலகைப் பொத்தினார்.

"சத்தம் போடாதடா தங்கம்! யார் காதுலயாவது விழுந்துடப் போகுது. எங்கே, மண்டையை இப்படி முட்டு பார்க்கலாம்."

*

நீதி: குரல் நன்றாக இருந்தால் வெளியில் சொல்லாதீர்கள். ஹெட்செட் வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் இடது காது கேட்கும், மற்றதில் வலது காது கேட்கும்.